மூச்சு விடாத அண்ணி

சென்ற மாதம் எங்கள் தியேட்டரில் ஓடிய படத்தில் ஓர் இடம் வரும். கதாநாயகி கண்ணாடி முன் நிற்கிறாள். தான் மனுஷி இல்லை, ஏதோ ஆய்வுக்கூடத்தில் செய்து முடித்த இயந்திரம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. வாயைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை. ஒரு மூச்சை உள்ளே இழுக்கிறாள். அது பாதி வழியில் தடுக்கி நிற்கிறது, பிறகு மெல்ல வெளியே வருகிறது. அவ்வளவுதான் காட்சி. பாப்கார்ன் பொட்டலத்துக்குள் கைவிட்டவர்கள் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் கவுன்ட்டரை மூடிவிட்டு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்த மூச்சு என் அண்ணியுடையது. திரையில் தெரிந்த முகம் எந்த நாட்டுப் பெண்ணுடையதோ எனக்குத் தெரியாது. குரலும் மூச்சும், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று "உப்பு டப்பாவை யாரு இடம் மாத்தினது?" என்று கேட்கிற ஆளுடையவை. அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல நாத்தனாருக்கு நாக்கு வருமா என்று கேட்பீர்கள். வரும். நடுநடுவே கொஞ்சம் கடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி டப்பிங் கலைஞர். வெளிநாட்டுப் படங்கள் நம் மொழியில் பேசும்போது உள்ளே இருந்து பேசுகிறவர்களில் ஒருத்தி. மற்ற பெண்களுக்குக் காதலி, அம்மா, வில்லி என்று விதவிதமாக வாய்த்தது. அண்ணிக்கு வாய்த்தது இயந்திரம். தொழிலில் அவளுக்கு வைத்த பெயரே மிஷினக்கா.

அது தற்செயலாக நடந்தது. கூட்டத்தில் நின்று அலறுகிற பெண்களில் ஒருத்தியாகத்தான் அன்றைக்கு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தாள். படத்தில் ஒரு தகர மனிதன் தொழிற்சாலையை உடைத்துக்கொண்டு வந்து நகரத்தையே பிடித்துக்கொள்கிறான். அவனுக்குக் குரல் கொடுக்க வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் சுற்றிப் பார்த்து, பயந்து வெளிறி நின்றிருந்த அண்ணியைக் கூப்பிட்டார். கையில் ஓர் அலுமினிய வாளி.

"இதுக்குள்ள வாயை வெச்சுப் பேசும்மா."

பயத்தில் அண்ணியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவருக்குப் பரம சந்தோஷம். ஆனால் இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். "மூச்சு கேக்குது! மிஷினுக்கு ஏதும்மா நுரையீரல்? இன்னொரு டேக்!"

அன்றிலிருந்து அதுதான் அண்ணியின் வேதம். டப்பிங்கில் வரி தொடங்குமுன் காதில் மூன்று பீப் கேட்கும். நான்காவது விழ வேண்டிய இடத்தில் வாய் திறக்க வேண்டும். எல்லோரும் மூன்றாவது பீப்பில் மூச்சு இழுப்பார்கள். அண்ணி முதல் பீப்புக்கு முன்பே சத்தமில்லாமல் இழுத்து அடைத்துக்கொள்வாள். வரி எவ்வளவு நீளமானாலும் ஒரே மூச்சு. இடையில் ஒரு இழை கேட்டாலும், "மூச்சு கேக்குது! இன்னொரு டேக்!" கேட்காவிட்டால், "ஓகே." அந்த ஓகேவுக்காக முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நிற்பாள். வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை அமுக்கிப் பழகுவாள். முதன்முதலில் அதைப் பார்த்த நான், புகுந்த வீடு பிடிக்காமல் உயிரை விடப் பார்க்கிறாள் என்று நினைத்துக் கூந்தலைப் பிடித்து இழுத்தேன்.

தகர மனிதன் படம் எங்கள் தியேட்டரில்தான் ஓடியது. இடைவேளைக்கு முன்பே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாக்களை நான் கவுன்ட்டர் கம்பி வழியாகப் பார்த்தேன். அதன் பிறகு வருஷத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டே இருந்தது. கண்ணில் சிவப்பு விளக்கு எரிகிறவை, வெள்ளி உடம்புக்காரர்கள், கை போனாலும் கை முளைக்கிறவர்கள். நல்லதோ கெட்டதோ, எல்லாம் பேசுவது ஏட்டுத் தமிழ்தான். "மனிதர்களே, சரணடையுங்கள்!" அது ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுஷங்க எழுதி வெச்சதைப் படிச்சுத்தானே அதுங்க பேசக் கத்துக்கிச்சு? தெருவுல விளையாடியா கத்துக்கிச்சு?" என்றாள் அண்ணி.  

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஓர் இயந்திரத்தின் புண்ணியம்தான். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஸ்டுடியோ இருந்த கட்டடத்தின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கதவு இடுக்கில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று கேட்டிருக்கிறான். பதில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மூலையில் ஒரு பெண், கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பயம் வந்தால் எல்லோரும் கத்துவார்கள். அண்ணிக்குத் தொழில் பழக்கத்தில் மூச்சு நின்றுவிடும்.

"மேடம், மூச்சு விடுங்க. உள்ள காத்து நிறைய இருக்கு."

"இது என்னைப் பிடிச்சு வெச்சிருக்கு," என்றாள் அண்ணி, இருந்த காற்றையெல்லாம் அந்த ஒரு வரியில் செலவு செய்து.

"அது உங்களைப் பிடிச்சு வைக்கலை மேடம். பாவம், அதுவும் உங்ககூட மாட்டிக்கிட்டு நிக்குது. நான் சொல்ற மாதிரி செய்யுங்க. இழுங்க. இப்ப விடுங்க. இழுங்க. விடுங்க."

மேலே போய் மோட்டாரைக் கையால் சுற்றிவிட ஒருவனை வைத்துவிட்டு, இவன் இடுக்கிலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தானாம். கதவு திறந்தது. வெளியே வந்த அண்ணி, அன்று முழுக்க இயந்திரமாகப் பேசிய தொண்டையோடு, "நன்றி, மனிதரே," என்றாள். அண்ணன் சிரித்த சிரிப்பில் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது கல்யாணம் முடிவாகியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊரெல்லாம் பொண்ணு இருக்க, மிஷினையா கட்டிக்கிட்டு வர்ற?" என்று நான் கேட்டேன். "மிஷின்னா சொன்ன பேச்சு கேக்கும், டிக்கெட்டு," என்றான். அவன் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். அவன் கணக்கு எவ்வளவு தப்பு என்பது கல்யாணமான வாரமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி பேசிய படம் ஒன்று விடாமல் அண்ணன் பார்ப்பான். பார்த்துவிட்டுத் திட்டுவான். "மிஷின் தானா கெட்டுப்போகாது. எண்ணெய் போடாதவன் எங்கயோ ஒருத்தன் இருக்கான். அவனைப் பிடிக்காம இதைப் போய்ச் சுடறானுங்க!"

பிறகு ஒரு படம் வந்தது. கடலுக்கடியில் ஒரு கூடம், அதில் சில விஞ்ஞானிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு குரல். உடம்பே கிடையாது. அன்று ஒலிப்பதிவுக்காரர் வாளியை மூலையில் கவிழ்த்துவிட்டு, "இனிமே இது வேணாம்மா. தாலாட்டு பாடற மாதிரி பேசு," என்றார். அந்தக் குரல் கூடத்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே, "களைத்திருக்கிறீர்கள், உறங்குங்கள்," என்று சொல்லும். தகர மனிதனைப் பார்த்து அலறியவர்கள் இதைப் பார்த்து அலறவில்லை. சத்தம் போடாமல் வெளியே வந்து, கதவருகே இருந்த ஒலிபெருக்கியை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து எங்களிடம் அன்பாகப் பேசியபோது நானே இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

அதற்கும் பிறகு, ரயில் கேட்டைத் திறந்து மூடுகிற ஓர் இயந்திரத்தின் கதை. அது ரயிலில் போகும் குழந்தைகளைப் பார்த்துத் தானாகவே கையசைக்கக் கற்றுக்கொள்கிறது. பாலம் கட்டிவிடுகிறார்கள், கேட் வேண்டாம் என்றாகிறது. தண்டவாளம் பிடுங்கிய பிறகும் அது கையசைத்துக்கொண்டு நிற்கிறது. சட்டையின் கையில் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்த ஆண்களை என் கம்பி வழியாகப் பார்த்து வியந்துபோனேன். அந்தச் சமயத்தில்தான் பழைய தகர மனிதனை மறுபடியும் திரையிட்டோம். அன்று அம்மா இடுப்பில் அலறியவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. பயந்தது நாம், சிரித்ததும் நாம், அழுததும் நாம். தகரம் அது பாட்டுக்கு நின்றது. இத்தனைக்கும் உள்ளே இருந்தது ஒரே அண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இப்படியே தலை நரைத்தது. அப்போதுதான் அந்தக் கண்ணாடிப் படம் வந்தது. டப்பிங்கை நடத்தியது ஒரு புதுப் பெண். படித்தவள், மரியாதை தெரிந்தவள்.

"இவ மிஷின்னு இவளுக்கே தெரியாதும்மா. நம்மள மாதிரியே பேசுவா. எனக்கு இந்த இடத்துல வசனமே வேணாம். மூச்சு மட்டும் வேணும்."

அண்ணிக்கு வரவில்லை. மூன்று பீப் கேட்டதும் நெஞ்சு தானாக அடைத்துக்கொண்டது. வலிந்து விட்டால் சைக்கிள் ட்யூபில் காற்றுப் போவதுபோல வந்தது. அந்தப் பெண் பொறுமையாக, "பரவாயில்லம்மா, இன்னொரு நாள் பார்க்கலாம்," என்று அனுப்பிவிட்டாள். அண்ணி வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மூச்சு விடறதுக்குச் சம்பளம் தர்றாங்க. அதுகூட வரலையா உனக்கு?" என்று சிரித்தான் அண்ணன். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை.

அந்த இருமல்தான் நிமோனியாவாகி, அவனை ஆஸ்பத்திரியில், வாய் வழியாகக் குழாய் போட்டு மயக்கத்தில் படுக்க வைத்தது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் பட்டது போதும், எழுதவும் வேண்டாம்.

பார்வை நேரத்தில் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். நான் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். திரும்பிப் பார்த்தால் அண்ணி அவனைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணன் இங்க கிடக்கான், அங்க என்ன பார்வை?"

"அது மூச்சு விடுது," என்றாள் அண்ணி. "என் ஆயுசுல எந்த மிஷினும் மூச்சு விட்டதில்ல."

நானும் பார்த்தேன். புஸ் என்று ஒரு காற்று, அண்ணனின் நெஞ்சு எழும்பியது. ஒரு நிதானம், பிறகு இறங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு மேடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மயக்கத்தைக் குறைத்துவிட்டதாகச் சொன்ன நர்ஸ், எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். "இனிமே அவரே இழுக்க ஆரம்பிக்கணும். அவர் துளி இழுத்தாலும் இது தெரிஞ்சுக்கும். மீதியை இது கொடுக்கும். அதுவரைக்கும் காத்திருக்கும்."

"காத்திருக்குமா?" என்று கேட்டாள் அண்ணி.

கொல்லுகிற இயந்திரம், ஆளுகிற இயந்திரம், காற்றைத் திருடுகிற இயந்திரம், அழவைக்கிற இயந்திரம் என்று எத்தனையோ படத்துக்கு நான் டிக்கெட் கிழித்திருக்கிறேன். ஒரு மனுஷனின் துளி மூச்சுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கிற இயந்திரத்தை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அவ்வளவு பயத்துக்கு நடுவிலும் கும்பிடத் தோன்றியது.

ஆனால் அண்ணன் அதோடு சண்டை போட்டான். நினைவு வர வர, இது காற்றைத் தள்ளும்போது அவன் வெளியே தள்ளினான். அவன் இழுக்கும்போது நேரம் தப்பியது. குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கைகளைத் துணியால் கட்டியிருந்தார்கள். கண் மட்டும் பிதுங்கி அங்கும் இங்கும் ஓடியது. வாழ்நாளெல்லாம் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்தவன், இப்போது தான் மாட்டிக்கொண்டு கிடந்தான். இயந்திரத்தின் உதவியைக் குறைத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. டாக்டர் எங்களை ஓரமாக அழைத்தார்.

"நுரையீரல் தேறிடுச்சு. ஆனா அவர் பயந்து இதோட மல்லுக்கட்டறார். மறுபடி மயக்கம் கொடுத்தா உடம்பு இன்னும் பலவீனமாகும். அப்புறம் கழுத்துல துளை போட்டுத்தான் பார்க்கணும். இந்த வயசுல அது எப்படிப் போகும்னு நான் உறுதி சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு தடவை முயற்சி பண்றோம். நீங்களும் கூட இருங்க. வீட்டுக்காரங்க குரலுக்குச் சில பேர் அடங்குவாங்க."

மறுநாள் இருந்தோம். நான் "அண்ணா, அண்ணா" என்றேன். அண்ணி "என்னங்க, நான்தான்" என்றாள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை. தலையை உதறினான், நெஞ்சு கன்னாபின்னாவென்று துள்ளியது. இயந்திரம் எச்சரிக்கை கொடுத்தது.

பீப். பீப். பீப்.

நான்காவது விழ வேண்டிய இடத்தில் அண்ணி வாயைத் திறந்துவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். முதுகு நிமிர்ந்தது, ஒரு கை காதுக்குப் போனது, வாளி இல்லாமலே அந்தப் பழைய வாளிக் குரல் வந்தது.

"அஞ்ச வேண்டாம், மனிதரே."

வார்டே திரும்பிப் பார்த்தது. "அம்மா!" என்று நர்ஸ் ஓடி வந்தாள். எனக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. ஆனால் அண்ணனின் கண் ஓட்டத்தை நிறுத்தியது. அது அண்ணியின் பக்கம் போகவில்லை. குரல் எதற்குச் சொந்தமோ அதன் பக்கம், இயந்திரத்தின் பக்கம் போனது.

அண்ணியும் அதைப் பார்த்தாள். எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாதது அதன் பிறகு நடந்ததுதான். அவள் பச்சைக் கோட்டின்மேல் கண்ணை வைத்தாள், ஸ்டுடியோவில் நடிகையின் உதட்டில் வைப்பதுபோல. பிறகு அந்த இயந்திரத்துக்கு டப்பிங் பேச ஆரம்பித்தாள்.

"நான் உங்களைப் பிடித்து வைக்கவில்லை. நானும் உங்களோடு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இப்போது தருகிறேன். இழுங்கள்."

காற்றும் வார்த்தையும் இம்மி பிசகாமல் ஒன்றாக விழுந்தன.

"இப்போது விடுங்கள். நான் காத்திருக்கிறேன். அவசரம் இல்லை. இதோ, தருகிறேன். இழுங்கள்."

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வந்த நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு விரலை எடுத்தாள். மேடும் பள்ளமும் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தன. எச்சரிக்கை ஓய்ந்தது. டாக்டர் வந்து பின்னால் நின்று, "நிறுத்தாதீங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னார். அண்ணனின் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. லிஃப்ட் கதவின் இடுக்கில் தான் சொன்ன வார்த்தைகள், இத்தனை வருஷம் கழித்து ஓர் இயந்திரத்தின் வாயிலிருந்து தனக்கே வருவது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறையக் குறைய அண்ணியின் குரலிலிருந்து தகரம் உதிர்ந்தது.

"நான் கொஞ்சம் குறைச்சுக்கறேங்க. இது பாதி உங்களோடது. இழுங்க. நல்லா இருக்கு. இது முக்காலும் உங்களோடது. நான் சும்மா பக்கத்துல நிக்கறேன். எங்கயும் போகலை."

இயந்திரம் பேசுகிறதா, பெண்டாட்டி பேசுகிறாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் இழுப்பதற்கு வழிகாட்ட அவளும் சத்தமாக இழுத்தாள், சத்தமாக விட்டாள். அவள் மூச்சை நான் காதால் கேட்டது அன்றுதான். இரண்டு மனுஷர்களும் ஓர் இயந்திரமும் ஒன்றாக மூச்சு விடுவதைப் பார்த்தபடி, எப்போதும் வாயடிக்கிற நான் வாயை மூடிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தினார்கள். "இன்னும் முழுசாத் தாண்டலை. மூச்சு தளர்ந்தா திரும்ப வெக்க வேண்டி வரும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார். இயந்திரத்தை அணைத்தார்கள். பச்சைக் கோடு போய்விட்டது, புஸ் என்ற காற்றும் நின்றது. அண்ணன் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். போர்வை அசைகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவும் கேட்கவில்லை.

அந்த நிசப்தத்துக்காகத்தான் அண்ணி ஆயுசு முழுக்க முகம் சிவக்க நின்றாள். இப்போது அதே நிசப்தம் அவளுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அண்ணனின் நெஞ்சில் காதை வைத்தாள். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி? சொல்லுங்க, என்ன?" என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அண்ணி தலையைத் தூக்கவில்லை. "மூச்சு கேக்குது," என்றாள்.

மாஸ்க்குக்குள்ளிருந்து, கண்ணைத் திறக்காமலே, தேய்ந்துபோன குரலில் அண்ணன் கேட்டான். "இன்னொரு டேக்கா?"

"வேணாங்க," என்றாள் அண்ணி, அடைத்து வைத்த காற்றையெல்லாம் விட்டு அழுதபடி. "இது ஓகே."